பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில்

ஒரு காலத்தில் இந்தியச் சாலைகளை அடைத்துக்கொண்டிருந்த பத்மினியும் அம்பாசடரும் இன்று திரும்பிப் பார்க்க வைக்கும் அபூர்வங்கள். அவற்றைத் தேடிப் படம்பிடிக்கும் ரசிகர்கள் பெருகிவருகிறார்கள். ஆனால் சட்டத்தின் வயதுக் கணக்கு ரசிகர்களின் கணக்கோடு ஒத்துப்போவதில்லை.

தென்மும்பையில் காலை நேர நெரிசல். சிவப்பு விளக்கு விழுந்ததும் வரிசைகட்டி நிற்கின்றன வெள்ளையும் சாம்பலும் கறுப்புமான கார்கள். எல்லாமே உயரமானவை, எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே முகம். அவற்றின் நடுவே ஒரு முழம் தாழ்ந்து, பாலாடை நிறத்தில் ஒரு சின்ன வண்டி. பளபளக்கும் குரோமிய பம்பர். மீன் துடுப்பு போல லேசாகத் தூக்கிய பின்பக்கம். விளக்கு பச்சைக்கு மாறுகிறது. ஓட்டுபவரின் இடது கை ஸ்டியரிங்கை ஒட்டி நீண்டிருக்கும் கியர் தண்டை மேலே தள்ளுகிறது. அதற்குள் பக்கத்து ஸ்கூட்டர்காரர் செல்பேசியை எடுத்துப் படம் பிடித்துவிட்டார். பஸ் ஜன்னலில் நாலைந்து தலைகள் எட்டிப் பார்க்கின்றன.

வண்டி, பிரீமியர் பத்மினி. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே இடத்தில் நின்றவர் எவருக்கும் இந்தப் பரபரப்பு புரிந்திருக்காது. அன்று இந்த நகரத்தின் கறுப்பு மஞ்சள் டாக்சிகள் ஏறக்குறைய அத்தனையும் பத்மினிதான். சொந்தக் கார்களிலும் அதற்குப் பெரிய பங்கு. அன்று யாராவது செல்பேசி இல்லாத கேமராவைத் தூக்கியிருந்தால், அது சிக்னலில் எப்போதாவது வந்து நின்ற வெளிநாட்டு மெர்சிடிசுக்காக இருந்திருக்கும். இன்று மெர்சிடிசை ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பழைய கார் பிரியர்களிடையே இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகத்தினர் கண்காட்சிக்குச் செல்பவர்கள். தில்லியில் 1964 முதலும் கொல்கத்தாவில் 1968 முதலும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை நடத்திவரும் பழங்கார் ஊர்வலங்கள், ஆமதாபாத் அருகே கட்வாடாவில் உள்ள போகிலால் குடும்பத்தின் அருங்காட்சியகம், கோவையின் ஜீடி கார் அருங்காட்சியகம் ஆகியவை இவர்களுடைய கோயில்கள். மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ்கள் அங்கே கயிற்றுக்குப் பின்னால் மின்னுகின்றன.

இன்னொரு ரகத்துக்குக் கயிறு பிடிக்காது. காய்கறிச் சந்தை வாசலிலோ, மேம்பாலத்துக்குக் கீழோ, பள்ளிக்கூடம் விடும் நேரத்து நெரிசலிலோ, வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒரு பழைய வண்டியைத் தற்செயலாகச் சந்திப்பதுதான் இவர்களுக்கு வேட்டை. அருங்காட்சியகத்தில் இருக்கும் கார் அங்கேதான் இருக்கும். நாளைக்கும் போய்ப் பார்க்கலாம். தெருவில் வந்தது திரும்ப வருமா என்பது நிச்சயமில்லை. இந்த இரண்டாம் ரக ரசிகர்கள்தான் இன்று ஒரு சிக்கலின் நடுவில் நிற்கிறார்கள்.

மூன்றே முகங்கள்

இந்தியச் சாலையில் எது அபூர்வம் என்பதைப் புரிந்துகொள்ள, எது சாதாரணமாக இருந்தது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். சுதந்திரத்துக்குப் பின் சுமார் முப்பது ஆண்டுகள் இந்தியாவில் கார் என்றால் மூன்று நிறுவனங்கள்தான். பிர்லா குடும்பம் 1942இல் தொடங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ் வங்காளத்தின் உத்தர்பாராவில் இயங்கியது. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பம்பாய் குர்லாவில் இருந்தது. மூன்றாவது, சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ்.

மூன்றும் வெளிநாட்டு வடிவங்களை உரிமம் பெற்றுத் தயாரித்தவை. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு 1954இல் இங்கே லேண்ட்மாஸ்டர் ஆயிற்று. அதற்கு அடுத்த வடிவம் 1950களின் இறுதியில் அம்பாசடர் என்று பெயர் பெற்றது. இத்தாலியின் ஃபியட் 1100 பிரீமியரின் கைக்கு வந்து, 1960களில் டிலைட், பிறகு பிரெசிடென்ட் என்று பெயர் மாறி, 1974இல் சித்தூர் ராணியின் பெயரால் பத்மினி ஆனது. டிரையம்ப் ஹெரால்டு 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத் தயாரானது.

லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் உற்பத்திக்கு வரம்பு, இறக்குமதிக்குத் தடை. முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களுக்குக் கார் வந்த நாள் திருமண நாள்போல நினைவிருக்கும். அப்படிக் கிடைத்த வண்டியை யாரும் ஐந்து ஆண்டில் விற்றுவிடவில்லை. அப்பா ஓட்டினார், மகன் ஓட்டினான், பிறகு அது பக்கத்து ஊர் டாக்சி ஸ்டாண்டுக்குப் போனது. உலகின் வேறு நாடுகளில் பத்தாண்டில் மறைந்துபோன வடிவங்கள் இங்கே நாற்பது, ஐம்பது ஆண்டுகள் நீடித்ததற்கு அந்தப் பற்றாக்குறையும் ஒரு காரணம்.

அதனால்தான் இங்கே அபூர்வம் என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. ஐரோப்பாவில் தொடக்கத்திலேயே குறைவாகத் தயாரான கார்கள் அபூர்வம். இந்தியாவில் லட்சக்கணக்கில் தயாராகி, தேய்ந்து, உடைத்து எடைக்குப் போடப்பட்டு, கடைசியில் மிஞ்சியவையே அபூர்வம்.

பார்க்கத் தெரிந்த கண்

பழக்கமில்லாத கண்ணுக்கு எல்லா அம்பாசடரும் ஒன்றுதான். தேர்ந்த ரசிகர் தூரத்திலேயே ரகம் பிரிக்கிறார். பின்பக்க ஓரங்கள் மழுங்கி உருண்டிருந்தால் அது அம்பாசடரே அல்ல, லேண்ட்மாஸ்டர். சின்னத் துடுப்புகள் தெரிந்தால் அம்பாசடர். அதிலும் முகப்புச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அலையலையான கம்பிகள் இருந்தால் முதல் வகை. கட்டம் போட்டிருந்தால் 1960களில் வந்த மார்க் 2. அதன்பின் 1975இல் மார்க் 3, 1979இல் மார்க் 4, 1990இல் நோவா, 1992இல் இசுசு இன்ஜின் பொருத்திய 1800 என்று வம்சாவளி நீள்கிறது. பலர் மூன்று தலைமுறை உதிரி பாகங்களை ஒரே வண்டியில் மாட்டியிருப்பார்கள். மார்க் 2 உடம்பில் நோவாவின் முகத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய.

ஃபியட்டிலும் அப்படியே. பத்மினிக்கு முந்தைய 1950களின் உருண்டை ஃபியட்டை மும்பையில் டுக்கர் என்பார்கள். மராத்தியில் பன்றி என்று அர்த்தம். புடைத்த மூக்கோடு வரும் அந்த வண்டியைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரியும். திட்டிச் சொன்ன பெயர் இல்லை. இன்று அதை வைத்திருப்பவரே பெருமையோடு சொல்லிக்கொள்கிற செல்லப் பெயர்.

வண்டியின் உருவம் ஏமாற்றினாலும் எண் பலகை ஏமாற்றுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் திருத்தி எழுதப்பட்டு 1989இல் நடைமுறைக்கு வரும்வரை பதிவெண் என்பது மூன்று எழுத்தும் அதைத் தொடரும் எண்களும் மட்டுமே. எம்.எஸ். என்று தொடங்கினால் பழைய மெட்ராஸ், பி.எம். என்றால் பம்பாய், டி.எல். உடன் மூன்றாவதாக ஓர் எழுத்து மட்டும் இருந்தால் தில்லி. கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து என்பது 2000களின் தொடக்கம்வரை சொந்தக் கார்களுக்கான முறை. கையால் எழுதிய அந்தக் கறுப்புப் பலகையோடு ஒரு கார் கண்ணில் பட்டால், அது பெரும்பாலும் ஒரே குடும்பத்தில் வளர்ந்த வண்டி. உயர்பாதுகாப்பு எண் பலகை கட்டாயமான பிறகு அந்தக் காட்சியும் அருகிவருகிறது.

மூன்று முகங்களுக்கு அப்பால் வந்து தோற்றுப்போன கார்கள்தான் வேட்டையில் பெரிய பரிசு. ஸ்டாண்டர்டு ஹெரால்டில் நான்கு கதவு வைத்த வகை இந்தியாவில் மட்டுமே தயாரானது. பிரிட்டிஷ் ரசிகர்களே அதைப் பார்க்க ஆசைப்படுவார்கள். ஹெரால்டை வைத்தே 1970களில் உருவாக்கிய கேசல், சில ஆண்டுகளோடு நின்றுபோனது. அதே சென்னை நிறுவனம் 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற ஆடம்பரக் காரைக் கொண்டுவந்தது. பிரிட்டனின் ரோவர் காரின் நேர்த்தியான உடம்பு. உள்ளே மட்டும் பழைய வேன்கார்டு வம்சத்து இன்ஜின். விலை அதிகம், வேகம் குறைவு. மூன்றே ஆண்டுகளில் கதை முடிந்தது.

பெங்களூரின் சிபானி நிறுவனம் 1980களில் கண்ணாடியிழை உடம்போடு டால்ஃபின் என்ற இரண்டு கதவுக் குட்டிக் காரைத் தயாரித்தது. எடை குறைவு என்பதால் கார் பந்தயங்களில் பெயர் வாங்கிய அது, குடும்பங்களிடம் எடுபடவில்லை. அதற்கு முன்னால் அதே நகரத்தில் மூன்று சக்கரத்தில் ஓடும் படால் என்ற காரும் பிறந்து மறைந்தது. ஃபியட்டின் உடம்பும் நிசானின் இன்ஜினும் சேர்ந்த பிரீமியர் 118 என்இ, இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984இல் இறக்கிய கான்டெசா ஆகியவை சற்றே அதிர்ஷ்டசாலிகள். கான்டெசா 2002வரை வந்ததால் இன்னும் அங்கங்கே தென்படுகிறது.

ஓர் அக்டோபர் மாதத்துக் கணக்கு

சாதாரணம் அபூர்வமாக மாறிய நாளைப் பெரும்பாலும் யாரும் குறித்துவைப்பதில்லை. மும்பைக்கு மட்டும் அது தேதியோடு தெரியும். நகரத்தின் கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது. மும்பை டாக்சிக்கு வயது வரம்பு 20 ஆண்டு. எனவே 2023 அக்டோபர் 30 முதல் பத்மினி டாக்சி சட்டப்படி இல்லாமல்போனது. அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்புதான் நகரின் பழைய சிவப்பு டீசல் மாடி பஸ் கடைசி ஓட்டம் ஓடியிருந்தது. தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா முதல் சாதாரணப் பயணிகள்வரை சமூக வலைதளங்களில் பத்மினிக்கு விடைகொடுத்தார்கள். ஒரு வண்டியையாவது நினைவுச் சின்னமாகப் பாதுகாக்க வேண்டும் என்று டாக்சி ஓட்டுநர் சங்கம் ஒன்று அரசைக் கேட்டுக்கொண்டது.

அந்த விடைகொடுப்பில் ஒரு சின்ன முரண் உண்டு. அழுதவர்களில் பெரும்பாலோர் பல ஆண்டுகளாகப் பத்மினி டாக்சியில் ஏறியதில்லை. கதவு சரியாக மூடாது, குளிர்சாதனம் கிடையாது, டிக்கியில் பாதியை எரிவாயு உருளை அடைத்துக்கொள்ளும் என்று அவர்கள் புதிய வாடகைக் கார்களுக்கு மாறி நெடுநாளாகியிருந்தது.

கொல்கத்தாவில் இதே கதை அம்பாசடரோடு நடக்கிறது. கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு உத்தரவால் அந்நகரில் 15 ஆண்டு தாண்டிய வாடகை வாகனங்கள் ஓடக் கூடாது என்றானது. உத்தர்பாரா ஆலை 2014 மே மாதம் உற்பத்தியை நிறுத்தியது. கணக்கு எளிது: விதி மாறாவிட்டால் 2029க்குப் பிறகு ஹௌரா ரயில் நிலைய வாசலில் மஞ்சள் அம்பாசடர் டாக்சி நிற்காது. அம்பாசடர் என்ற பெயரை மட்டும் பிரான்சின் பெஜோ நிறுவனம் 2017இல் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியிருக்கிறது.

தனியார் கையில் இருக்கும் வண்டிகள் டாக்சிகளைவிட நீண்ட ஆயுள் பெற்றவை. இன்று சாலையில் கண்ணில் படுபவை பெரும்பாலும் அவையே. ஆனால் அவற்றின் தலைக்கு மேலும் ஒரு கணக்கு தொங்குகிறது.

முப்பத்தைந்து ஆண்டு இடைவெளி

பழைய காருக்கு இந்தியச் சட்டத்தில் இரண்டு வயது முக்கியம். ஒன்று 15, மற்றொன்று 50.

ஒரு சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறி, ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆனது. இறக்குமதிக் கார் என்றால் 80,000 ரூபாய். மாநிலங்கள் விதிக்கும் பசுமை வரி தனி.

ஐம்பது வயதைத் தொட்ட காருக்கு வேறு மரியாதை. மத்திய அரசு 2021 ஜூலையில் அறிவித்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு நிறைந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வாகனம் பாரம்பரிய வாகனம். புதிதாகப் பதிவுசெய்ய 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லுபடி. ஏற்கெனவே பதிவானவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், புதியவற்றுக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி வரிசை. நாட்டின் பழங்கார் ஆர்வலர்கள் நீண்ட நாள் எதிர்பார்த்த அங்கீகாரம் இது.

ஆனால் இரண்டு நிபந்தனைகள் தெரு ரசிகர்களை உறுத்துகின்றன. முதலாவது, இப்படிப் பதிவான காரை அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் இறக்கலாம். அதாவது, அபூர்வம் என்று அரசு முத்திரை குத்திய வண்டி காய்கறி வாங்கப் போக முடியாது.

இரண்டாவது, அந்த 50. பத்மினி என்ற பெயரோடு 1974இல் வெளிவந்த முதல் வண்டிகள் 2024இல்தான் அந்த வயதைத் தொட்டன. பதிவு 2000ஆம் ஆண்டு என்றால் 2050வரை காத்திருக்க வேண்டும். ஸ்டாண்டர்டு 2000க்கு 2035. முதல் கான்டெசாவுக்கு 2034. கடைசி அம்பாசடருக்கு 2064. நடுவே இருக்கும் 35 ஆண்டுகளில் அந்த வண்டி இளமையும் இல்லை, பாரம்பரியமும் இல்லை, வெறும் பழசு. இந்தியாவின் சொந்தக் கார் வரலாற்றில் பெரும்பகுதி இன்று இந்த இடைவெளிக்குள்தான் நிற்கிறது.

தலைநகர வட்டாரத்தில் இந்த இடைவெளியைக் கடக்கவே வழியில்லை. பசுமைத் தீர்ப்பாயம் 2014லிலும் 2015லிலும் பிறப்பித்த உத்தரவுகளையும், அவற்றை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததையும் அடுத்து, தில்லியிலும் சுற்றுப்புறங்களிலும் 10 ஆண்டு தாண்டிய டீசல் வாகனமும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வாகனமும் ஓடத் தடை வந்தது. அத்தகைய வண்டிகளுக்குப் பங்க்குகளில் எரிபொருள் மறுக்கும் திட்டம் 2025 ஜூலை 1 அன்று தில்லியில் தொடங்கி, எதிர்ப்பு காரணமாக ஓரிரு நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. உரிமையாளர்கள்மீது கடும் நடவடிக்கை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் சொன்னது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு, பாரத் ஸ்டேஜ் 4 தரமும் அதற்கு மேற்பட்டதுமான வண்டிகளுக்கு மட்டும் என்று சுருங்கியது. பத்மினியும் கான்டெசாவும் பழைய அம்பாசடரும் அந்தத் தரத்துக்கு வெகு முன்னால் பிறந்தவை.

விளைவைத் தில்லியின் குடியிருப்புகளில் பார்க்கலாம். கார் வாங்கிய பெரியவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் வெளிநாட்டில். வாசல் ஓரம், காற்றுப்போன டயரோடு, உறை போர்த்திய ஓர் உருவம். வேறு மாநிலத்தில் பதிய ஆட்சேபமின்மைச் சான்று வாங்கி விற்கலாம். மூன்றெழுத்துப் பதிவெண் என்றால் அதுவும் எளிதல்ல. பழைய பதிவேடு கணினியில் ஏறியிருக்காது. முதலில் அலுவலகத்தில் அந்தத் தகவலை ஏற்றவைக்க வேண்டும். அந்த அலைச்சலைவிட, எடைபோட்டுப் பணம் கொடுக்கும் வியாபாரியின் லாரி சீக்கிரம் வந்துவிடுகிறது.

மறுபக்கமும் உண்டு

இந்தச் சட்டங்களை எழுதியவர்களைப் பழங்கார்களின் எதிரிகள் என்று சொல்லிவிட முடியாது. நவம்பர் மாதத்துத் தில்லிக் காற்றைச் சுவாசித்தவர் எவருக்கும் காரணம் தெரியும். நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது 1995இல்தான். அதற்கு முந்தைய வண்டிகளின் புகையில் எந்த வடிகட்டலும் இல்லை. பாதுகாப்பு இன்னும் மோசம். காற்றுப்பை கிடையாது, பலவற்றில் இருக்கைப் பட்டையே கிடையாது. மோதினால் ஸ்டியரிங் தண்டு நேராக நெஞ்சுக்கு வரும். லட்சக்கணக்கான பழைய வண்டிகளில் ஒரு சிறு பங்கை மட்டும் பாரம்பரியம் என்று பிரித்தெடுப்பது எப்படி, அந்தச் சலுகைக்குள் பழுதான டீசல் வேன்கள் நுழைந்துவிடாதா என்ற கேள்விகளும் நியாயமானவை.

அன்றாடப் பயன்பாட்டுக்குத் தடை என்பதும் இந்தியாவின் தனிக் கண்டுபிடிப்பல்ல. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பே, தினசரிப் போக்குவரத்துக்குப் பயன்படாத வாகனத்தைத்தான் வரலாற்று வாகனம் என்கிறது. ஆனால் அது வைத்திருக்கும் வயது 30. ஜெர்மனியில் 30 ஆண்டு நிறைந்து நன்றாகப் பராமரித்த காருக்குத் தனி எண் பலகை கிடைக்கும். அதோடு நகரின் புகைக் கட்டுப்பாட்டு எல்லைக்குள்ளும் போகலாம். பிரிட்டனில் 40 ஆண்டு ஆன காருக்குச் சாலை வரி இல்லை. ஆர்வலர்கள் கேட்பது பெரிய சலுகை ஒன்றுமில்லை. ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடும் ஒரு வண்டியை வயதால் மட்டும் அளக்காமல், ஓடும் தூரத்தையும் பராமரிப்பையும் சேர்த்து அளக்க வேண்டும். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் ஒரு படி வேண்டும் என்கிறார்கள்.

கைகளில் இருக்கும் அறிவு

சட்டம் வழிவிட்டாலும் வண்டி தானாக ஓடிவிடாது. ஒரு பத்மினியைத் தெருவில் பார்க்கிறோம் என்றால், அதன் பின்னால் எங்கோ ஒரு மெக்கானிக் இருக்கிறார் என்று பொருள். கார்புரேட்டரைக் காதால் கேட்டே சரிசெய்கிறவர். கான்டாக்ட் பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, பழைய பிளேடை இடையில் விட்டு இடைவெளி பார்க்கிறவர். இவர்களில் பலர் அறுபதைக் கடந்தவர்கள். கணினியைச் செருகிக் கோளாறு கண்டுபிடிக்கப் பழகிய இளைஞர்களுக்கு இந்த வேலையில் வருமானமும் குறைவு, ஆசையும் குறைவு.

உதிரி பாகங்களுக்கு மும்பையில் சோர் பஜாரும் குர்லாவும், தில்லியில் மாயாபுரி, கொல்கத்தாவில் மல்லிக் பஜார், சென்னையில் புதுப்பேட்டை. ஒரு வண்டி உடைபட்டால்தான் இன்னொரு வண்டிக்குக் கதவுக் கைப்பிடி கிடைக்கும். உயிரோடு இருப்பவை இறந்தவற்றை நம்பி வாழும் இந்த ஏற்பாடு, இறப்பதற்கும் வண்டி மிச்சமில்லாத நாளில் முடிந்துவிடும்.

எரிபொருளும் இவற்றை விட்டு விலகிப்போகிறது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நின்றது. பழைய இன்ஜின்களின் வால்வு இருக்கைகள் அந்த ஈயத்தை நம்பியே வடிவமைக்கப்பட்டவை. அதைச் சமாளித்து முடித்தால் இப்போது எத்தனால். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2025இல் நாடெங்கும் பரவலானது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் அரிக்கும். மாதக்கணக்கில் நிற்கும் கார் என்றால் டேங்கின் அடியில் துரு சேரும். இதற்கு மாற்று ரப்பர் தேடி, டேங்கைக் கழற்றிக் கழுவி ஓட்டுகிறவர்களைத்தான் நாம் சிக்னலில் பார்க்கிறோம்.

இத்தனை பாடு எதற்கு? ஒரு பொருளை நின்ற நிலையில் காப்பதும் ஓடும் நிலையில் காப்பதும் வேறு வேறு. கண்ணாடி அறையில் நிற்கும் பத்மினியைப் பார்க்கும் குழந்தைக்கு அதன் வடிவம் தெரியும். மழையில் அதைக் கிளப்ப சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும், மேட்டில் எந்த கியருக்கு இறக்க வேண்டும், முன்னால் ஒரே நீள இருக்கையில் மூன்று பேர் எப்படி உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் ஓடும் வண்டியில்தான் கைமாறும்.

இதற்கு நல்ல உதாரணம் தில்லியில் உண்டு. பிரதமர் இந்திரா காந்தி 1983 டிசம்பர் 14 அன்று ஒரு வாடிக்கையாளரிடம் சாவியைக் கொடுத்த முதல் மாருதி 800, நாட்டின் கார் வரலாற்றையே திருப்பிய வண்டி. அதன் சொந்தக்காரர் கடைசிவரை அதை விற்கவில்லை. அவர் காலமான பின் அது ஒரு தெருவோரத்தில் துருவேறி நின்றது. அந்தக் கோலத்தின் படங்கள் பரவி நாடெங்கும் பேச்சானது. பிறகு அதைப் புதுப்பித்து நிறுவனத்தின் தலைமையகத்தில் வைத்தார்கள். வண்டி பிழைத்தது. அதன் மற்ற உடன்பிறப்புகளுக்கு அப்படித் தேடி வர யாரும் இல்லை. பாரம்பரிய வயதைத் தொட முதல் மாருதிகளுக்கே 2033வரை பொறுக்க வேண்டும்.

மீண்டும் அந்த மும்பை சிக்னல். பாலாடை நிறப் பத்மினிக்கு இரண்டு வண்டி தள்ளி, வெளிறிய சிவப்பில் ஒரு மாருதி 800 நிற்கிறது. பம்பரில் கயிறு கட்டியிருக்கிறது, பின்கண்ணாடியில் பள்ளிக்கூட ஸ்டிக்கர் பாதி கிழிந்திருக்கிறது. இந்தியாவில் மட்டும் 26 லட்சத்துக்கு மேல் விற்ற கார் அது. 2014இல் உற்பத்தி நின்றது. ஸ்கூட்டர்காரர் செல்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டார். பச்சை விழுந்ததும் மாருதி ஒரு முறை இருமி, கிளம்பிப் போகிறது. அதை ஒருவரும் படம் பிடிக்கவில்லை.